ஹொட் டப்பைக் குளிர்காலத்துக்கு மூடுவது எப்படி? மூன்று மாதம் வீட்டில் ஆள் இல்லை

புதுவளவு:
வணக்கம். கனடாவின் ஓஷவாவில் போன வருடம் நாங்கள் வாங்கிய வீட்டோடு, ஆறு பேர் இருக்கக்கூடிய ஹொட் டப் (சுடுதண்ணீர்த் தொட்டி) ஒன்றும் பின்வளவில் வந்து சேர்ந்தது. சென்ற குளிர்காலம் முழுக்க ஓடவிட்டோம், பிரச்சினை இல்லை. இந்த முறை டிசம்பர் முதல் கிழமை யாழ்ப்பாணம் போகிறோம், மார்ச் நடுவில்தான் திரும்புவோம். அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை விட்டுவிட்டு மூடியைப் பூட்டினால் போதும் என்கிறார் மச்சான். அவரிடம் ஹொட் டப் கிடையாது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.

பின்வளவுக்காரன்:
தம்பி, உங்கள் மச்சான் சொன்னதைத்தான் 2016இல் நான் செய்தேன். ஏப்ரலில் மறுபடி நிரப்பினால், அரை மணித்தியாலத்தில் டெக்குக்குக் கீழேயிருந்து தண்ணீர் ஓடி வருகிறது. பக்கப் பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தேன். பம்பின் பிளாஸ்டிக் கூட்டில் தலைமயிர் அளவு வெடிப்பு. கண்ணுக்குத் தெரியவில்லை, விரலை வைத்தபோதுதான் ஈரம் பட்டது. உள்ளே தங்கியிருந்தது ஒரு கோப்பை தேத்தண்ணி அளவுதான் இருக்கும். உறையும்போது தண்ணீர் கிட்டத்தட்ட 9 சதவீதம் பெருகும், அதற்கு அந்த ஒரு கோப்பையே போதும்.

தொட்டி காய்ந்தாலும் குழாய்கள் காய்வதில்லை. முழு வேலையும் அங்கேதான்.

புறப்படுவதற்கு முதல் நாள் வைத்துக்கொள்ளாதீர்கள். நவம்பர் தொடக்கத்தில், உறைநிலைக்கு மேல் இருக்கும் ஒரு பகலில் செய்யுங்கள். சில நாட்களுக்கு முன்பே குளோரின் போடுவதை நிறுத்தி, சோதனைத் தாள் பூச்சியம் காட்டியபிறகு புல்தரையில் விடுங்கள். தெருவோர மழைநீர்க் கால்வாயில் விடவேண்டாம், அது நேரே ஓடைக்குப் போகும். தண்ணீரைத் திறக்கும் முன் பிரேக்கரை நிறுத்த மறக்கவேண்டாம். 240 வோல்ட், விளையாட்டு இல்லை. தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் ஓடினாலும் கருகிவிடும்.

அப்புறம் ஷொப் வாக், அதாவது தண்ணீரையும் உறிஞ்சும் வக்கூம். அடியில் தேங்கியதை முதலில் உறிஞ்சி எடுங்கள். பிறகு அதே ஹோஸைக் காற்று ஊதும் பக்கம் மாற்றி, மேல் வரிசை ஜெட்டிலிருந்து (தண்ணீர் பீய்ச்சும் துளை) கீழ்நோக்கி ஒவ்வொன்றாகப் பிடியுங்கள். ஒரு ஜெட்டில் ஊதினால் பக்கத்து ஜெட் துப்பும். வெறும் காற்று வரும்வரை விடவேண்டாம். பம்புக்கு இரண்டு பக்கமும் கையால் திருகும் பெரிய யூனியன் (குழாய் இணைப்பு) இருக்கும், இரண்டையும் தளர்த்துங்கள். பம்பின் அடியில் இருக்கும் சின்ன அடைப்பானையும் கழற்றி விடுங்கள். நான் அன்று தொடாமல் விட்டது இந்த அடைப்பானைத்தான்.

பில்டரை வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

பனியும்_பாயும்:
எதற்கு இந்தப் பாடு? இருபது பாகை மைனஸில் கழுத்துவரை சுடுதண்ணீரில் இருக்கத்தானே ஹொட் டப். வெப்பத்தைக் குறைத்து ஓடவிட்டுப் போங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

பின்வளவுக்காரன்:
வீட்டில் ஆள் இருந்தால் நானும் அதையே சொல்வேன். உறையாமல் காக்கும் அமைப்பு பெரும்பாலானவற்றில் உண்டு, ஆனால் அது கரண்ட் இருக்கும்வரைதான். ஜனவரியில் உறைமழை பெய்து இரண்டு நாள் கரண்ட் போனால், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு என்ன செய்வார்?

புதுவளவு:
மிக்க நன்றி அண்ணா. காருக்கு வாங்கிய ஆன்டிஃப்ரீஸ் (உறையாமல் தடுக்கும் திரவம்) கராஜில் அரைக் கலன் கிடக்கிறது. குழாய்க்குள் ஊற்றலாமா?

பின்வளவுக்காரன்:
வேண்டவே வேண்டாம். அது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கோல், நஞ்சு. நாளைக்குப் பிள்ளைகள் அந்தத் தண்ணீரில்தானே இருக்கப்போகிறார்கள். கூடார வண்டிகளுக்கென்று (RV) இளஞ்சிவப்பு நிறத்தில் புரோப்பிலீன் கிளைக்கோல் விற்கிறார்கள், அதைத்தான் வாங்கவேண்டும். காற்றடித்து முடித்தபிறகு ஜெட்டுகளிலும் பில்டர் குழியிலும் ஊற்றலாம். ஒழுங்காக ஊதிவிட்டு இதையும் ஊற்றினால் எனக்கு நித்திரை வரும், அவ்வளவுதான். மார்ச்சில் ஒரு தடவை நிரப்பி ஓடவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நுரை தள்ளும்.

மூடிக்குக் கீழே குறுக்காக ஒரு பிளைவுட் பலகை வையுங்கள். தண்ணீர் இல்லாத தொட்டியின் மேல் பனி குவிந்தால் மூடி நடுவில் தொய்ந்துவிடும்.

புதுவளவு:
சரி அண்ணா. ஷொப் வாக் மச்சானிடம் இருக்கிறது. சனிக்கிழமை அவரையும் சேர்த்தே வரச்சொல்லியிருக்கிறேன்.