தூக்கத்தில் பல் கடிக்கிறேன், காதோரம் வலி: எம்ஆர்ஐ அவசியமா?

கயல்34:
எனக்கு 34 வயது. தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறேன் என்கிறார் கணவர். காலையில் எழுந்தால் நெற்றிப்பொட்டு இரண்டும் வலிக்கின்றன, வலது காதுக்கு முன்னால் இறுக்கம். கொட்டாவி விட்டால் அங்கே 'டக்' என்று சத்தம். காது டாக்டர் பார்த்துவிட்டார், காதில் ஒன்றும் இல்லை. பல் கிளினிக்கில் ஓபிஜி (முழுத் தாடை எக்ஸ்ரே) எடுத்துவிட்டு, "பல் தேய்ந்திருக்கிறது, அதனால் தாடை மூட்டு கெட்டிருக்கும். எம்ஆர்ஐ எடுங்கள், பல்லை ராவிக் கடியைச் சரிசெய்யலாம்" என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பல்மருத்துவர்_மதுரை:
பல்லை ராவ இப்போது சம்மதிக்காதீர்கள் அம்மா. ராவிய எனாமல் திரும்ப வளராது, அதனால் இந்த வலி தீரும் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பல் கடிப்பது வேறு, மூட்டுக் கோளாறு வேறு. வருடக்கணக்காகக் கடித்தும் தாடை நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். தேய்மானம் எப்போதோ நடந்ததாகவும் இருக்கலாம், எதுக்களிக்கும் அமிலத்தாலும் பல் கரையும். ஓபிஜியில் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்புத் தட்டு தெரியவே தெரியாது.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? தாடை மூட்டு, தசைக் கோளாறுகளைக் கண்டறிய 2014இல் வந்த டிசி/டிஎம்டி வரையறையைத்தான் நான் பின்பற்றுகிறேன். கடந்த 30 நாளில் வலி வந்ததா, மெல்லும்போதோ வாய் திறக்கும்போதோ அது மாறுகிறதா என்று முதலில் கேட்பேன். அப்புறம் விரல் வேலை. கன்னத்துத் தசையையும் நெற்றிப்பொட்டுத் தசையையும் சுமார் 1 கிலோ அழுத்தத்திலும், மூட்டின் வெளிமுனையை அரை கிலோ அழுத்தத்திலும் அழுத்துவேன். (என்னிடம் பயிலும் மாணவர்களைத் தராசில் விரலை அழுத்திப் பழகச் சொல்வேன். கையின் கணக்கு தவறினால் எல்லாமே தவறும்.) அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். "காலையில் வருகிற அதே வலிதானா?" என்பதுதான் முக்கியமான கேள்வி. தசையில் அதே வலி வந்தால் கோளாறு தசையில், மூட்டின் மேல் வந்தால் மூட்டில். இரண்டிலும் இருக்கலாம்.

கடைசியாக ஸ்கேல். முன்பற்களுக்கு நடுவே 40 மில்லிமீட்டர் திறந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. வலியில்லாத 'டக்' சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். வாய் பூட்டிக்கொண்டு திறக்க மறுத்தால், அப்போது எம்ஆர்ஐக்கு அர்த்தம் உண்டு.

குறட்டை உண்டா? ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?

கயல்34:
குறட்டை இல்லை டாக்டர். வாய் திறந்தால் மூன்று விரல் தாராளமாக நுழைகிறது. மனச்சோர்வுக்கு எஸ்சிடாலோபிராம் ஆரம்பித்த பிறகுதான் பல் சத்தம் அதிகம் என்கிறார் கணவர்.

பல்மருத்துவர்_மதுரை:
நல்ல தகவல். அந்த வகை மாத்திரையால் சிலருக்குப் பல் கடிப்பது கூடும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். தசைவலியாகத்தான் தோன்றுகிறது, ஆனாலும் நேரில் தொட்டுப் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும்.

செந்தில்_கரூர்:
என் அம்மாவுக்கு 68 வயது. பல் தேய்ந்திருப்பதால் பல் கடிக்கிறார் என்று இரவில் பல்லில் மாட்டும் உறையான நைட் கார்டு கொடுத்தார்கள். சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் தாடை கடுக்கிறது, நிறுத்தினால் சரியாகிறது. ஒரு மாதமாகப் புதிதாகத் தலைவலி, தலை வாரினால் வலிக்கிறது என்கிறார்.

பல்மருத்துவர்_மதுரை:
தம்பி, நைட் கார்டை விடுங்கள். இன்றே அம்மாவைப் பொது மருத்துவரிடம் கூட்டிப்போய் இதை அப்படியே சொல்லுங்கள். 50 வயதுக்கு மேல் இப்படி வந்தால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயில் அழற்சி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடலாம். இஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். பார்வை மங்கினாலோ இரட்டையாகத் தெரிந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.