புதுப்பிப்பு: வால்மீன் பிரகாசக் கணிப்பில் அந்த 10

வால்மீனின் பிரகாச எண்ணைக் (எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம்) கணிக்க, பூமித் தொலைவின் மடக்கையை 5-ஆலும் சூரியத் தொலைவின் மடக்கையை 10-ஆலும் பெருக்கி, அடிப்படை எண்ணோடு (பூமி, சூரியன் இரண்டிலிருந்தும் 1 வானியல் அலகில், அதாவது பூமி-சூரியன் சராசரித் தொலைவில், இருந்தால் அதற்குள்ள பிரகாச எண்) கூட்ட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த 10 எல்லா வால்மீனுக்கும் பொருந்துமா என்று கேட்டிருந்தீர்கள். பொருந்தாது.

ஊர்ட் மேகத்திலிருந்து (சூரியக் குடும்பத்தின் தொலைதூர விளிம்பில் உள்ள பனிப்பொருள் கூட்டம்) முதன்முறையாக வரும் வால்மீன்கள், எளிதில் ஆவியாகும் பனியைத் தொலைவிலேயே இழந்து அங்கேயே பளிச்சென்று தெரியும். சூரியனை நெருங்கும்போது பிரகாசம் எதிர்பார்த்த அளவு ஏறாது. 1973-இல் கோஹூடெக் வால்மீன் ஏமாற்றியது இப்படித்தான். இவற்றுக்கு 10-க்குப் பதில் 7.5 போட்டுப் பாருங்கள். 4 வானியல் அலகிலிருந்து 0.5-க்கு வருவதற்குள் இரு கணக்குகளும் சுமார் 2.25 எண் விலகிவிடும். ஒளியில் அது 8 மடங்கு!

ஆகவே உங்கள் சொந்த அளவீடுதான் முக்கியம். வால்மீனைக் கூர்மையாகக் குவித்து, அதன் பருமனையும் சராசரி ஒளியையும் மனதில் நிறுத்துங்கள். பிறகு குவியத்தைக் கலைத்து, நட்சத்திரங்களை அதே பருமனுக்கு ஊதவிட்டு ஒப்பிடுங்கள். சற்றுப் பிரகாசமானது ஒன்று, மங்கலானது ஒன்று, இரண்டும் அடிவானத்திலிருந்து வால்மீன் இருக்கும் உயரத்திலேயே இருக்கட்டும். பைனாகுலரில் தெரிந்தால் பெரிய தொலைநோக்கி வேண்டாம். அதில் வெளிக்கோமா (வால்மீனின் தலையைச் சூழ்ந்த மங்கலான வாயு, தூசிப் படலத்தின் வெளிப்பகுதி) கண்ணுக்குத் தப்பி, அளவீடு மங்கலாக வரும்.