தம்பி சிகரெட்டை விட நினைக்கிறான், மூன்றாம் நாளே தோற்றுவிடுகிறான்

நிலாக்காகம்:
தம்பிக்கு 19 வயது. கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் இந்தப் பழக்கம். வீட்டில் யாரும் புகைப்பதில்லை, கெடுதல் என்று அவனுக்கும் தெரியும், பாக்கெட்டில் இருக்கும் படத்தைப் பார்த்துக்கொண்டேதான் பற்ற வைக்கிறான். தெரிந்தும் ஏன் ஆரம்பிக்கிறார்கள்? விடுகிறேன் என்கிறான், இரண்டு நாள் எல்லோர் மேலும் எரிந்து விழுகிறான், மறுபடி தொடங்கிவிடுகிறான். மன உறுதி இல்லையா?

வழிப்போக்கன்:
ஆரம்பிப்பது சிகரெட்டுக்காக இல்லைங்க, கூட்டத்துக்காக. நாலு பேர் ஒதுங்கும்போது தனியாக நிற்க அந்த வயதில் யாருக்கும் மனசு வராது. முதல் சிகரெட் பெரும்பாலும் இருமலும் தலைச்சுற்றலும்தான். ஆனால் இழுத்த நிகோடின், அதாவது புகையிலையில் நம்மை அடிமையாக்கும் பொருள், 10-20 நொடியில் மூளைக்குப் போய்விடும், மூளையோ சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டிருக்கிறது, அதனால் சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. டென்ஷன் குறைகிறது என்பார்கள். ரத்தத்தில் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அப்போது வருகிற தவிப்பைத்தான் அடுத்த சிகரெட் அடக்குகிறது.

பழைய சாம்பல்:
அக்கா, தம்பியைத் திட்டாதீங்க. முதல் 3 நாள்தான் அந்தத் தவிப்பின் உச்சம், பிறகு 2 முதல் 4 வாரத்தில் தணிந்துவிடும். அவன் சரியாக மேட்டின் உச்சியில் இறங்கிவிடுகிறான். நிகோடின் சூயிங்கம் கொடுத்துப் பாருங்கள். எழுந்த அரை மணிக்குள் சிகரெட் தேடுகிறவன் என்றால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2. சும்மா மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கணும், காரம் போனதும் மறுபடி மெல்லணும். காபி குடித்த 15 நிமிடத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது.

காபி என்றதும் இன்னொன்று. புகைக்கிறவர் உடம்பு காபியில் இருக்கும் கஃபீனை வேகமாக வெளியேற்றும். புகையை விட்டதும் அந்த வேகம் குறையும், அதே காபி இப்போது படபடப்பும் தூக்கமின்மையுமாகத் தாக்கும், பழி மட்டும் சிகரெட்டை விட்டதன் மேல். காபியைப் பாதியாக்கச் சொல்லுங்கள்.

கேள்விக்குறி:
லைட் சிகரெட்டுக்கு மாறினால் போதாதா?

வழிப்போக்கன்:
போதாது. உடம்பு பழைய அளவைக் கேட்கும், இன்னும் ஆழமாக இழுப்பார்கள். அவ்வளவுதான்.

நிலாக்காகம்:
அவன் நாள் முழுக்க காபி குடிக்கிற ஆள்! இதை யாரும் சொன்னதே இல்லை. சரி, கம் எவ்வளவு நாள் போடணும்?

பழைய சாம்பல்:
வழக்கமாக 12 வாரம், கடைசி வாரங்களில் குறைத்துக்கொண்டே வரணும். அதிலும் சரிவரவில்லை என்றால் டாக்டரிடம் புகைக்கும் ஆசையைக் குறைக்கும் வாரெனிக்லின் மாத்திரை பற்றிக் கேளுங்கள், அதை அவனாக வாங்கிப் போட வேண்டாம்.