தெருத் தோட்டம்: பாத்தியைப் பிரிப்பதா, விளைச்சலைப் பிரிப்பதா?

கீழத்தெரு வாசி:
வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கு விட்ட இடம் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. 18 வீட்டார் சேர்ந்து திருத்தி, சென்ற ஆடிப்பட்டத்தில் கத்தரியும் வெண்டையும் போட்டோம். களை எடுக்க வந்தது ஐந்து வீடு. காய் பறிக்க வந்தது பதினெட்டும். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போனேன். கத்தரியில் பிஞ்சுகூட மிஞ்சவில்லை. தைப்பட்டத்திலிருந்து வீட்டுக்கு ஒரு பாத்தி என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துவிட வேண்டும்.

பந்தல்காரி:
ஒப்பமாட்டேன், அண்ணா. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர்கள் சாலை போக மீதியில் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் திறந்தவெளியாக விட்டு, உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி வந்த மண் அது. இன்று பாத்தி, நாளை முள்வேலி, மறுநாள் பூட்டு.

இன்னொன்று. வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளித்ததே, அது வெள்ளை ஈ பரப்பும் தேமல் நோய். கண்ட அன்றே செடியைப் பிடுங்க வேண்டும். ஊருக்குப் போயிருப்பவரின் பாத்தியில் அது வந்தால் யார் பிடுங்குவது? அடுத்தவர் பாத்தி என்று தயங்குவோம். அதற்குள் பக்கத்துப் பாத்தியும் போய்விடும்.

கீழத்தெரு வாசி:
இப்போது மட்டும் யார் பிடுங்கினார்கள்? எல்லோருடைய செடி என்பதால் யாரும் தொடவில்லை. நான் ஊரில் இல்லாத பத்து நாளில் பாதி வெண்டை போயிற்று. வேலி கூடாது என்று எழுதி வைப்போம். இரண்டு மாதம் தரிசாகப் போட்டால் பாத்தியைத் திரும்ப வாங்கிவிடுவோம்.

மேலூர்க்காரன்:
சண்டை மண்ணில் வராது, தண்ணீரில்தான் வரும். சித்திரையில் நம் ஆழ்துளைக் கிணறு அரை மணி நேரம் ஓடினாலே பெரிது. யார் பாத்திக்கு முதலில்? எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் மடை திறப்பதும் வயலுக்கு வயல் தண்ணீர் திருப்புவதும் நீர்க்கட்டியின் பொறுப்பு. அறுவடையில் அவருக்கு நெல் அளப்பார்கள். பெரும்பாலும் அந்த ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல்களில், அவருக்கு நிலம் இருக்காது. தன் வயலுக்கு முதலில் பாய்ச்சிக்கொண்டார் என்ற பேச்சே எழாது. பாத்தியைப் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும் அப்படி ஒருவர் நமக்கு வேண்டும்.

பந்தல்காரி:
தம்பி, அவருக்கு ஏன் நிலம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சாதியால் நிலம் மறுக்கப்பட்டவர்கள்தான் பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக அந்த வேலையைச் செய்தார்கள். அதை நடுநிலை என்று நான் புகழமாட்டேன்.

நம் தோட்டத்திலும் ஏற்கெனவே அப்படி ஒருவர் இருக்கிறார். அடுக்ககக் காவலரின் மனைவிதான் ஆடியிலிருந்து தினமும் குழாய் பிடிக்கிறார். அவருக்கு நம் தெருவில் சொந்த வீடு இல்லை. வீட்டுக்கு ஒரு பாத்தி என்றால் அவர் பெயர் எந்தச் சீட்டில் வரும், அண்ணா?

கீழத்தெரு வாசி:
அந்த அம்மாவை நான் எண்ணிப் பார்க்கவில்லை. தவறுதான். கிணற்றை ஒட்டிய பாத்தியைக் குலுக்கலில் சேர்க்காமல் அவருக்கே விடுவோம். ஆனால் பிரிக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்து வருகிறேன்.

பந்தல்காரி:
அழைத்து வாருங்கள். பாத்தி வேண்டுமா, கூலி வேண்டுமா என்று அவரிடமே கேட்போம். நான் பொதுத் தோட்டத்துக்குத்தான் கை தூக்குவேன், களைக்கு வராத வீட்டுக்குக் காய் கிடையாது என்ற விதியோடு.