மேடைக்கல்லுக்கு அடியில் இண்டக்‌ஷன்: போடலாமா, வேண்டாமா?

மஞ்சக்குப்பம்: கடலூரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். சமையல் மேடைக் கல்லுக்கு அடியிலேயே இண்டக்‌ஷன் சுருளை வைத்துவிட்டால் மேலே அடுப்பே தெரியாது என்கிறார் இன்டீரியர்காரர். கருப்பு கிரானைட் வாங்கியாயிற்று. போடலாமா?

லாஸ்பேட்டை: போடுங்கள், ஆனால் கிரானைட்டில் வேண்டாம். சுருள் கல்லைச் சுடுவதில்லை, பாத்திரத்தின் அடியைத்தான் சுடும். அந்தச் சூடு கல்லில் ஒரே இடத்தில் இறங்கும், சுற்றிலும் கல் குளிர்ந்தே இருக்கும். விரிசல் அப்படித்தான் விடும். குவார்ட்ஸ் இன்னும் மோசம். கல்தூளைப் பிடித்து வைத்திருப்பதே ரெசின் என்ற பிளாஸ்டிக் பசை, அது சூடு தாங்காது. போர்சலின் (பீங்கான்) அல்லது சின்டர்டு பலகைதான், அதாவது கல்தூளை அழுத்திச் சூளையில் சுட்டெடுத்த பலகைதான் இதற்குச் சரி. அதிலும் பாத்திரத்துக்கு அடியில் சிலிகான் தட்டு வைக்க வேண்டும்.

முதுநகர் அக்கா: கல்லை மாற்றலாம் தம்பி, சட்டியை? சங்கரா மீன் குழம்பை மண்சட்டியில் வைக்காமல் எதில் வைப்பது? மண், அலுமினியம், பித்தளை எதுவும் இதில் சூடாகாது.

லாஸ்பேட்டை: அக்கா, காந்தம் ஒட்டும் பாத்திரம் எல்லாம் ஆகும். இரும்புத் தோசைக்கல்கூட.

முதுநகர் அக்கா: தோசைக்கல் காயும் சூட்டுக்கு உங்கள் சிலிகான் தட்டு தாங்குமா? இட்லிக்குத் தண்ணீர் காய்ச்ச வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

லாஸ்பேட்டை: தோசை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் சின்ன ஃபிளாட்டில் சமைத்து முடித்ததும் அதே மேடையில் பிள்ளைகள் எழுதலாம். மே மாதத்தில் கேஸ் அனல் இல்லாமல் நிற்பதும் ஒரு சுகம்.

முதுநகர் அக்கா: பாத்திரத்தை எடுத்த பிறகும் கல் சுடுமே. எந்த இடம் என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

வில்லியனூர் வயர்மேன்: ஒரு விஷயம். சாதாரண இண்டக்‌ஷனில் கண்ணாடி நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும், இங்கே பலகை 12 வரை. தூரம் கூடக் கூடக் காந்தப்புலம் பலவீனமாகும், கரண்ட் கூடுதலாகச் செலவாகும். ஒரு சுருள் 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். நாலு சுருளுக்குத் தனி லைன் இழுக்காமல் கல்லை ஒட்டாதீர்கள். கீழே டிராயர் வைத்து அடைத்துவிட்டால் காற்றோட்டமும் போச்சு, ரிப்பேருக்குக் கையும் போகாது.

முதுநகர் அக்கா: கரண்ட் இருந்தால்தானே ஆம்பியர்! 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் வந்தபோது நாள் கணக்கில் இருட்டில் கிடந்தோம். 2024-இல் ஃபெஞ்சல் புயல். சிலிண்டர் இல்லாமல் இந்த ஊரில் வீடா?

லாஸ்பேட்டை: சிலிண்டர் ஒரு பக்கம் இருக்கட்டுமே.

முதுநகர் அக்கா: அப்போ மேடைமேல் அடுப்பு தெரியத்தானே போகிறது?

மஞ்சக்குப்பம்: கேஸைப் பின்கட்டுக்குத் தள்ளிவிட்டு, பால், காபிக்கு ஒரே ஒரு சுருள் போடலாம் என்று இருக்கிறேன். கிரானைட்டை மாடிப்படிக்குப் போட்டுவிடலாம். வயர்மேன் சார், தனி லைனுக்கு எத்தனை சதுர மில்லிமீட்டர் வயர் வேண்டும்?