கார்த்திகையில் தேங்க்ஸ்கிவிங் விருந்து: என்ன இனிப்பு எடுத்துப் போகலாம்?

பெருந்துறை மருமகள்:
வணக்கமுங்க. என் வீட்டுக்காரரின் அக்கா டாலஸில் இருக்கிறார். ஐந்து வருடம் கழித்து நவம்பரில் பிள்ளைகளோடு வருகிறார். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 7. "அம்மாயி வீட்டுல தேங்க்ஸ்கிவிங் வெக்கலாம்" என்று இரண்டும் போனிலேயே கேட்க, என் மாமியார் அது என்னவென்று தெரியாமலே சரி சொல்லிவிட்டார். அமெரிக்காவில் நன்றி சொல்லிக் குடும்பமாக விருந்து சாப்பிடும் நாளாம். நவம்பர் 26 வியாழன் மதியம், கோபியில், 18 பேர். ஆளுக்கொரு பதார்த்தம் செய்து வர வேண்டும். என் தலையில் விழுந்தது இனிப்பு.

அது கார்த்திகை மாதம் என்பதுதான் சிக்கல். மச்சாண்டார் (வீட்டுக்காரரின் அண்ணன்) சபரிமலைக்கு மாலை போட்டிருப்பார், அந்த வீட்டில் கறியும் முட்டையும் நுழையாது. வான்கோழிக்குப் பதில் அரிசிம்பருப்புச் சோறு என்றதும் பிள்ளைகள் ஒத்துக்கொண்டன. பம்ப்கின் பை மட்டும் கட்டாயம் வேண்டுமாம், அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) விழுதை மாவு அடியின் மேல் ஊற்றிச் சுடுகிற இனிப்பு. அரசாணிக்காயில் நான் பொரியல் தவிர எதுவும் செய்ததில்லை. வீட்டில் 28 லிட்டர் ஓடிஜி (கரண்ட் ஓவன்) இருக்கிறது. முட்டை இல்லாமல் பை வருமா? காரில் ஒரு மணி நேரம் தாங்குமா? கூடவே நம்ம ஊர் இனிப்பு ஒன்றும் வேண்டும். மாமியார் ஒப்புட்டு (போளி) என்கிறார். 18 பேருக்குத் தட்ட என் கையால் ஆகாது.

சென்னிமலை அடுப்பு:
வருமுங்க. அமெரிக்காவில் நவம்பர் நாலாவது வியாழன் என்று 1941லேயே சட்டம் போட்டுவிட்டார்கள், கார்த்திகையைத் தப்பவே முடியாது. மகன் கனடாவில் இருந்தவரை எங்களுக்குப் பிரச்சினை இல்லை, அங்கே அக்டோபர் இரண்டாவது திங்கள். அமெரிக்கா போனான், நானும் முட்டையில்லாப் பை பழகிக்கொண்டேன்.

நன்றாக முற்றி உள்ளே செம்மஞ்சளாக இருக்கும் அரசாணியாகப் பாருங்கள். ஆவியில் வேகவைத்து மசித்து, வேட்டித் துணியில் கட்டி அரை மணி நேரமாவது தொங்கவிடுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், தண்ணீர் இறங்காவிட்டால் அடிமாவு சொதசொதவென்று ஆகிவிடும். இரண்டு கப் விழுதுக்கு 400 கிராம் கன்டென்ஸ்டு மில்க் ஒரு டின், சோளமாவு (கார்ன்ஃப்ளார்) மூன்று மேசைக்கரண்டி, சுக்கு, பட்டை, கிராம்பு, துளி ஜாதிக்காய்.

அடிமாவுக்கு மைதா ஒன்றரை கப், குளிர்ந்த வெண்ணெய் 100 கிராம். ஊத்துக்குளி வெண்ணெய் என்றால் இன்னும் விசேஷம். பிசைந்து டின்னில் பரப்பிய வெறும் மாவின் மேல் காகிதம் விரித்துக் கொண்டைக்கடலை பரப்பி 15 நிமிடம் சுட்டெடுங்கள். அப்புறம் கடலையை எடுத்துவிட்டு, விழுதை ஊற்றி 180 டிகிரியில் 45 நிமிடம். நடுவில் லேசாக ஆடும்போதே அணைத்துவிடுங்கள், ஆற ஆற இறுகும். புதன்கிழமையே செய்து ராத்திரி முழுக்க பிரிட்ஜில் வைத்தால் கார் பயணமெல்லாம் தாங்கும். சூட்டோடு வெட்டினால் வழிந்துவிடும்.

அந்தியூர் ஆத்தா:
அம்மணி, ஒப்புட்டு வேண்டாம். கல்லிலிருந்து எடுத்த சூட்டில் நெய் விட்டுத் தின்றால்தான் அது ஒப்புட்டு. கச்சாயம் சுட்டுக்கொண்டு போ. பச்சரிசி ஊறப்போட்டு ஆட்டி, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கலந்து எண்ணெயில் ஊற்றி எடுக்க வேண்டியதுதான். இரண்டு நாள் கெடாது. தூக்குப்போசியில் போட்டால் வண்டி எவ்வளவு குலுங்கினாலும் கவலையில்லை.

இன்னொன்று, சந்தகையை (இடியாப்பம் மாதிரிதான்) அங்கேயே வைத்துக்கொள். பிள்ளைகளைப் பிழிய விடு. தேங்காய்ப்பாலில் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஊற்றிக் கொடு. பை அதுகளுக்குப் பழசு, சந்தகை பிழிவதுதான் புதுசு.

தாராபுரத்தான்:
நன்றி சொல்லத்தான் நமக்குப் பட்டிப் பொங்கல் (மாட்டுப் பொங்கல்) இருக்கிறதே. எதற்கு இந்த இரவல் பண்டிகை?

பெருந்துறை மருமகள்:
டிசம்பர் முதல் வாரமே அவர்களுக்கு பிளைட்டுங்க. தை வரை இருந்தால் பட்டியிலேயே இலை போட்டிருப்போம்.

நேற்று ஒத்திகை பார்த்தேன். அவசரத்தில் பத்து நிமிடம்தான் தொங்கவிட்டேன், சென்னிமலையார் சொன்னபடியே அடி சொதசொத. வந்திருந்த மாமியார் ஒரு வாய் தின்றுவிட்டு, "அரசாணி அல்வாவ ரொட்டி மேல ஊத்தி வெச்சிருக்கற, நல்லாத்தான் இருக்குது" என்றார். சின்னவனுக்கு வீடியோவில் காட்டினேன். "வெடிப்பு மேல க்ரீம் வெச்சுருங்க அத்தை, யாருக்கும் தெரியாது" என்கிறான்!

அதனால் பை இரண்டு, கச்சாயம் ஒரு போசி, சந்தகை அங்கேயே. ஆனால் பை தட்டு இல்லை. கேக் டின்னில் செய்ததில் எடுக்கும்போது ஓரம் உடைந்துவிட்டது. ஈரோட்டில் எங்கே கிடைக்கும்?

சென்னிமலை அடுப்பு:
கேக் டின்னே போதும், அடி தனியாகக் கழன்று வருகிற மாதிரி வாங்குங்கள். பாத்திரக்கடையில் கேட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் என்னுடையது இரண்டு இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது அதில் நாலு கச்சாயம் இருக்கட்டும்.