கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு வீடு தரலாமா?

மலைச்சரிவு (கொடைக்கானல்):
எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தை நாள் வாடகைக்கு விடத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு வயது நிறையாத குழந்தையோடு வருகிறவர்களுக்கு இனித் தருவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். கல்நெஞ்சக்காரன் என்று திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

போன டிசம்பரில் எட்டு மாதக் குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. காலையில் பால் கொடுக்கப் போன என் மனைவி பதறிப்போய் ஓடி வந்தாள். ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடியிருந்தன. தரையில் கரி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது, அதன்மேல் சாம்பிராணி. குளிப்பாட்டிய குழந்தைக்குக் குளிர் தாக்கக் கூடாது என்று பாட்டி அறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. 2024-ல் இதே ஊரில் விடுதி அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் இறந்துபோனார்கள். பெரியவர்களே எழுந்திருக்கவில்லை என்றால் எட்டு மாதப் பிஞ்சு என்ன செய்யும்? அன்றிலிருந்து எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருவதில்லை.

இரட்டையரின் தாய் (மதுரை):
ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. அந்த அறையில் ஹீட்டர் இருந்ததா? இல்லையென்றால், அந்தப் பாட்டி தனக்குத் தெரிந்த வழியில் பேரப்பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். குற்றம் அவருடையது மட்டும்தானா?

போன மே மாதம் பதினொரு மாத இரட்டைப் பிள்ளைகளோடு கொடைக்கானலுக்கு வந்தேன். முன்பணம் கட்டியாயிற்று, இ-பாஸ் எடுத்தாயிற்று. வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறிக்கொண்டிருக்கும்போது வீட்டுக்காரர் அழைத்து, “குழந்தை இருக்கிறதா? அப்படியானால் வேண்டாம்” என்றார். வளைவுகளில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்திருந்தான். காரிலேயே சட்டையை மாற்றிவிட்டு, இருட்டும் நேரத்தில் வீடு வீடாகக் கேட்டு அலைந்தோம். வேண்டாம் என்பதை முன்பே சொல்லியிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

மலைச்சரிவு:
நீங்கள் பட்ட பாட்டுக்கு வருந்துகிறேன், அம்மா. ஹீட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அடுத்த அறையில். அது என் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருகிறவர்களும் சொல்வதில்லையே! வீடு முன்பதிவு செய்யும் ஏர்பிஎன்பி தளத்தில் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை விருந்தினர் எண்ணிக்கையில் சேராது. அதனால் பலர் அதைக் குறிப்பிடாமலே வந்துவிடுகிறார்கள். வாசலில் வந்து நிற்கும்போதுதான் இடுப்பில் குழந்தை இருப்பது தெரிகிறது.

டயாப்பரையும் சொல்ல வேண்டும். இரண்டு முறை கழிவறையில் போட்டுவிட்டார்கள். அதற்குள் இருக்கும் பொருள் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். குழாய் அடைத்து, தரையைத் தோண்ட வேண்டியதாயிற்று.

ஏற்காட்டுப் பாட்டி:
தம்பி, நான் எட்டு ஆண்டுகளாகக் குழந்தைக்காரர்களுக்குத்தான் முதலிடம் தருகிறேன். முதல் ஆண்டில் ஒரு பெண் திரைச்சீலைக் கம்பியில் புடவையைக் கட்டித் தொட்டில் போட்டுவிட்டாள். குழந்தையை இடுவதற்கு முன் கையால் இழுத்துப் பார்த்திருக்கிறாள், கம்பி ஆணியோடு பெயர்ந்து வந்துவிட்டது. தெய்வம்தான் காப்பாற்றியது. மறுவாரமே தச்சரை வரவழைத்து உத்திரத்தில் இரும்புக் கொக்கி போட்டேன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் மனம் ஒப்பியது. எதைச் செய்தாலும் தொட்டில் கட்டத்தான் போகிறார்கள், அதற்கு நாம் உறுதியான இடம் காட்டிவிட வேண்டும்.

சின்னக் குக்கர் ஒன்றும் வேண்டும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், சோறு எளிதில் வேகாது. கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல், அங்கே 93 டிகிரியிலேயே கொதிக்கும். திறந்த பாத்திரத்தில் கஞ்சி வைத்தால் அரிசி நறுக்கென்று நிற்கும். பசியில் அழுகிற பிள்ளைக்கு அதைப் புகட்ட முடியுமா? டயாப்பருக்குப் பழைய செய்தித்தாளும் மூடி போட்ட தனி வாளியும் வைத்திருக்கிறேன். சுற்றிப் போடுங்கள் என்று வாயாலும் சொல்கிறேன். ஒரு முறைகூட அடைத்ததில்லை.

செவிலி (திருநெல்வேலி):
பாட்டி, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் கொக்கி விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. புடவைத் தொட்டிலில் சின்னக் குழந்தையின் முகவாய் நெஞ்சில் படியும்படி கழுத்து மடங்கிவிடலாம், மூச்சுக்கு நல்லதில்லை. தூங்கும்போது உறுதியான, சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு. தலையணையும் தடித்த ரஜாயும் பக்கத்தில் கூடாது. குளிர் ஊர்களில் ரஜாயைக் குவித்து வைப்பதைப் பார்த்தாலே எனக்குப் பயம். சாம்பிராணிப் புகையும் குழந்தைகளின் நுரையீரலுக்கு ஆகாது.

உரிமையாளர் ஐயா, உங்கள் கீசரைப் பாருங்கள். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் சில நொடிகளில் தோல் வெந்துவிடும். குழந்தையின் தோல் இன்னும் மெல்லியது. 50-க்குக் கீழே வையுங்கள். இதையெல்லாம் செய்ய முடியாதென்றால் மறுப்பதே நேர்மை. இந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

ஏற்காட்டுப் பாட்டி:
என் நான்கு பிள்ளைகளும் புடவைத் தொட்டிலில்தான் வளர்ந்தார்கள், மகளே. ஆனாலும் தாய்மார் கேட்டால் உன் வார்த்தையையும் சொல்லிவைக்கிறேன்.

இரட்டையரின் தாய்:
ஐயா, எல்லாக் கைக்குழந்தையும் ஒன்றல்ல. மூன்று மாதக் குழந்தை வைத்த இடத்தில் கிடக்கும். உண்மையில் உங்களைப் பயமுறுத்துவது தவழுகிற பிள்ளைதானே?

மலைச்சரிவு:
ஆமாம். வீடு சரிவில் இருக்கிறது. வாசலிலிருந்து தோட்டத்துக்குப் பதினான்கு படிகள், கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு சாண் இடைவெளி. தவழும் பிள்ளை ஒருக்களித்துப் போனால் நேரே கீழேதான். அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

இரட்டையரின் தாய்:
அப்படியானால் அந்தப் படிக்கட்டின் படத்தைப் போட்டு இதையே அறிவிப்பில் எழுதுங்கள். பாதுகாப்பில்லாத வீட்டை இல்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. மதுரையில் இருக்கும்போதே தெரிந்தால் நாங்கள் வேறு வீடு பார்த்துக்கொள்வோம். பாதி மலையில் சொல்லாதீர்கள்.

மலைச்சரிவு:
இன்று காலை கம்பி இடைவெளியை அளந்தேன், 17 சென்டிமீட்டர். வலை அடிக்கிறவர் புதன்கிழமை வருகிறார். அது முடியும் வரை தவழும் பிள்ளைகளுக்கு வீடு இல்லை என்று படத்தோடு எழுதிவிட்டேன். தவழாத குழந்தைகள் வரலாம், இரண்டாவது ஹீட்டர் வாங்கியாயிற்று. குழந்தையின் வயதை முன்பதிவின்போதே நானே கேட்டுவிடுகிறேன். கரி அடுப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். யார் கொண்டுவந்தாலும், அந்த நிமிடமே அதை வெளியே எடுத்து வைத்துவிடுவேன்.